தக்கலை வரை

குளச்சலில் இறங்கியதும் கேட்டேன்,
டச்சுக்காரனைத் தோற்கடித்த தூண் எந்தப் பக்கம்?
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்
சுத்தியலாலேயே திசை காட்டினார்.

தூண் இருந்தது.
அதன் நிழலில் ஒரு பைக்,
பைக் கண்ணாடியில் காயும் கைக்குட்டை.
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று
என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன்.
சாளைக் குவியலை ஏலம் விட்டவள்
அதைவிடப் பெரிய எண்ணைக் கூவினாள்.

அரக்கோணம் சார்பதிவகத்தில்
பதினைந்து வருடமாகச் செக்குபந்தி வாசிப்பவன் நான்.
வடக்கே இன்னார் தோப்பு,
தெற்கே ஓடை,
கிழக்கே பாதை.
லீவு கிடைத்தால் கோட்டை பார்ப்பேன்.

தக்கலை பஸ்ஸில் ஜன்னலோரம் பெர்பெச்சுவா.
மடியிலிருந்த மனுவைப் பார்த்துத்தான் பெயர் தெரியும்.
பிளாஸ்டிக் உறைக்குள்
மனு, ரேஷன் அட்டை நகல்,
படகின் முன்னே சிரிக்காமல் நிற்கும் ஓர் ஆள்.
திங்கள்நகர் வரை பேச்சில்லை.
இரணியல் தாண்டும்போது,
"சாருக்கு இங்கிலீசு வாசிக்க வருமா?"

மேலே அரபி, வலமிருந்து இடம்.
கீழே நான்கு வரி ஆங்கிலம்.
பொடி எழுத்து. கைபேசியில் படமெடுத்துப்
பெரிதாக்கினேன்.
எல்லை மீறி மீன்பிடிப்பு.
விசாரணை நிலுவையில்.

"அந்த எல்லை எங்க கிடக்காம்?"

வடக்கே தண்ணீர்.
தெற்கே தண்ணீர்.
பதினைந்து வருடச் சம்பளம் வாங்கிய வாய்
மேற்கே போகவில்லை.

"எப்ப விடுவாவன்னு போட்டிருக்கா?"
"போடலை."
"போடமாட்டாவ," என்று மடித்து வைத்தாள்,
நான்தான் ஒரு வரியை விழுங்கிவிட்டதுபோல.

பிறகு, "சாரு எங்க போறிய?"
உதயகிரிக் கோட்டை, என்றேன்.
குளச்சலில் பிடிபட்ட டச்சுக் கப்பித்தான்,
ராஜாவின் படைக்கே தளபதி ஆனவன்,
ஊர் திரும்பாமல் இங்கேயே செத்தவன்,
அவன் கல்லறை இருக்கிறது.
கொஞ்சம் குரல் ஏற்றித்தான் சொன்னேன்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"ஊருக்குத் தாக்கல் சொன்னாவளா?"

நான் படித்ததில் அது இல்லை.

தக்கலையில் இறங்கினாள்.
சப்-கலெக்டர் ஆபீஸ் பக்கம்
ஒரு கம்பி வளைந்த கருப்புக் குடை போயிற்று.

புலியூர்க்குறிச்சியில் வனத்துறை டிக்கெட்.
பீரங்கி வார்த்த கோட்டைக்குள்
இப்போது வேலிபோட்டுப் புள்ளிமான்.
கூரை போன சிறுகோயில்.
கல்லின் மேல் காலை மழை தேங்கியிருந்தது,
விரலால் வழித்துவிட்டு எழுத்தைத் தேடினேன்.
இலத்தீன் இருந்தது. தமிழும் இருந்தது.
இரண்டும்
அவனைப் பெற்றவள் பேசிய மொழி இல்லை.

படமெடுத்தேன். சரியாக விழுந்ததா என்று தள்ளிப் பார்க்க
கல்லுக்கு முன்னால் அவள் கடிதம் வந்தது.
பத்திரக்காரன் கண் சும்மா இருக்காது.
மனுவில் ததேயு, தகப்பன் பெயர் அருளப்பன்.
கடிதத்தில் அந்த அருளப்பனுக்கு
ஆங்கில 'ஆர்' இல்லை.
ஓர் எழுத்து.
ஓர் எழுத்துக்காக நாலு சென்ட் நிலம்
ஒன்பது வருடம் கோர்ட்டில் கிடந்ததை
நானே பார்த்திருக்கிறேன்.
பஸ்ஸில் என் கையில் இருந்தபோது
எல்லையைத்தான் வாசித்தேன், ஆளை வாசிக்கவில்லை.

மலைமேல் ஏறவில்லை.
காவலர் பின்னாலிருந்து கூப்பிட்டார்,
"மயில் பாக்கலியா சாரே?"
ரோட்டில் கைகாட்டிய ஆட்டோ நிற்கவில்லை.
இரண்டாவது நின்றது, அறுபது ரூபாய் கேட்டது.

ஆபீஸ் வராந்தாவில் மனுக்காரர்கள்.
சுவரோரம் சாத்திய குடைகளெல்லாம் கருப்பு,
பாதிக்கு மேல் கம்பி வளைந்தவை.
வேறு வழியில்லை.
முன்பின் தெரியாத பெண்ணின் பெயரை
அரசு அலுவலகத்தில் உரக்கக் கூப்பிட்டேன்:

பெர்பெச்சுவா!

மூன்று பேர் திரும்பினார்கள்.
மூன்று பேர் மடியிலும்
பிளாஸ்டிக் உறை.